பதினாறு நாள் மேஜைக்குள் இருந்த நோட்டீஸ்

எங்கே இருந்தாலும் முதலில் ஹெல்மெட்டைத் தேடுகிற என் பேச்சிமுத்து அத்தானுக்கு,

நீங்கள் போய் இன்றோடு எழுபத்தொரு நாள் ஆகிறது. துக்கத்தில் எண்ணுகிறேன் என்று நினைக்காதீர்கள். நாள் எண்ணுவதுதானே என் பிழைப்பு. உங்கள் சைட்டில் எத்தனை நாள் மழை பெய்தது, எத்தனை நாள் கிரேன் படுத்தது, எத்தனை நாள் கப்பல் வராமல் சிமெண்ட் தீர்ந்தது என்று இங்கே மும்பையில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து எண்ணியவன், உங்களை மட்டும் எண்ணாமல் விடுவேனா?

செம்பூரில் உங்கள் வீட்டில் எல்லோரும் நலம் என்றுதான் முதலில் எழுதினேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அக்கா உங்கள் போனுக்குத் தினமும் சார்ஜ் போடுகிறாள். கேட்டால், "பேங்க்காரன் ஓ.டி.பி. அனுப்புவாம்லா" என்கிறாள். உங்கள் மகள் திவ்யா, உங்களுடைய சேஃப்டி ஷூவைப் பால்கனியில் வெயிலில் வைத்திருக்கிறாள். எதற்கு என்றால் "ஐஸே ஹி மாமா, சும்மாதான்" என்று சொல்லிவிட்டுக் காலேஜுக்குக் கிளம்பிவிடுகிறாள். இதை நலம் என்று சொல்லலாமா, நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் கேட்டாக வேண்டும், இன்று சனிக்கிழமை. போன் சார்ஜில் இருந்தும் பிரயோஜனம் இல்லை என்பதால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். கம்பெனியின் பெயரோ அந்தத் துறைமுகத்தின் பெயரோ இதில் வராது. பயப்படாதீர்கள்.

படிக்கிறவர்களுக்கு நீங்கள் யார் என்று தெரிய வேண்டுமே. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிப் பிறந்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அதற்காக ஒருநாளும் மரியாதை கேட்டு வாங்கியதில்லை. 'ஏல பேச்சி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த நான், நீங்கள் என் அக்கா வள்ளியைக் கட்டிய பிறகுதான் நாக்கைத் திருப்பி 'அத்தான்' என்று பழகினேன். நீங்களும் பதிலுக்கு 'மாப்ள, ஓய்' என்று என்னைப் பெரிய மனிதனாக்கிவிட்டீர்கள். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு துறைமுகத்தில், சரக்குக் கப்பல் அணைகிற மேடையைக் கட்டும் வேலைக்கு நீங்கள் சைட் மேனேஜர். அதே கம்பெனியின் மும்பை ஆபீஸில் கிளெய்ம் பார்க்கிறவன் நான்.

கிளெய்ம் என்றால் ஏதோ அடிதடி என்றுதான் அக்கா இன்றும் நினைக்கிறாள். வெளிநாட்டில் ஒன்றைக் கட்டித் தருவதாக ஒப்பந்தம் போடுகிறோம். நடுவில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று குறுக்கே வந்து வேலை இழுத்துக்கொண்டால், அந்தத் தாமதத்தை எங்கள் தலையில் கட்டாதீர்கள், கூடுதல் நாள் கொடுங்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் விஷயம் தெரிந்த நாளிலிருந்து இருபத்தெட்டு நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். இருபத்தொன்பதாம் நாள் கொடுத்தால் உரிமையே போச்சு. வாயால் நூறு தடவை சொல்லியிருந்தாலும் அது செல்லாது.

"ஒம்ம வேல லீவு லெட்டர் எழுதுத வேல, மாப்ள" என்று என்னைக் கிண்டல் செய்வீர்கள். "பயலுக்குக் காய்ச்சல்னு டீச்சருக்கும் தெரியும், பக்கத்து பெஞ்சுக்காரனுக்கும் தெரியும். ஆனாலும் லெட்டர் இல்லன்னா ஆப்சென்ட்டு. அதான ஓய்?" பயிற்சி வகுப்புகளில் நான் படம் போட்டு அரைமணி நேரம் விளக்குவதை நீங்கள் இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். அதை என் சரக்கு மாதிரி பல இடங்களில் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். உங்கள் பெயரை எங்கேயும் சொன்னதில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருந்த நீங்களா, அத்தான்?

நமக்குத் தந்த மண் பரிசோதனை ரிப்போர்ட்டில் அந்த இடத்தில் கடலுக்கடியில் மணலும் களியும்தான் என்று இருந்தது. தூண் இறக்கப் போனால் பாறை. அதைக் குடைவதற்கு வேறு மெஷின் கப்பலில் வர வேண்டியிருந்தது, வேலை நூற்றுப் பத்து நாள் தள்ளிப்போனது. நீங்கள் நோட்டீஸ் கொடுத்தீர்கள். 'பாறை இருப்பது உறுதியான நாள்' என்று அதில் ஒரு தேதி போட்டிருந்தீர்கள், அங்கிருந்து எண்ணினால் இருபது நாளுக்குள் நோட்டீஸ் போயிருந்தது. அந்தத் தேதியை நம்பித்தான் நான் நூற்றுப் பத்து நாளுக்கும் கிளெய்ம் எழுதினேன். துறைமுகக்காரர்கள் முடியாது என்றார்கள். விவகாரம் மூன்று நடுவர்கள் முன்னால் போய் இரண்டு வருடமாக நடந்துகொண்டிருக்கிறது.

இதற்கு நடுவில், லீவில் வந்திருந்த நீங்கள் ஒரு காலையில் ஷூ லேஸ் கட்டக் குனிந்தீர்கள். நிமிரவில்லை. வீட்டில் இருக்கிறவருக்கு அன்றைக்கு என்ன ஷூ என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. எங்கே கிளம்பினீர்கள்? அக்காவுக்கும் தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் தாராவியில் உங்கள் தம்பி வீட்டில் நடந்தது. மறுநாள் காலை பத்தரை மணிக்கு எதிர்த்தரப்பு வக்கீல்களிடமிருந்து மெயில் வந்தது. காலஞ்சென்ற திரு. பேச்சிமுத்து சைட்டில் தன் கைப்பட எழுதிவந்த நோட்டுகள் அனைத்தையும் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் அனுப்பிய தினசரி ரிப்போர்ட் எல்லாம் ஆங்கிலத்தில் நாலு வரி, அதிலும் முக்கால்வாசி 'வேலை நடக்கிறது' என்பதுதான். கைப்பட எழுதிய நோட்டு என்று ஒன்று இருப்பதே நம் ஆபீஸில் யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

அக்காவிடம் கேட்டேன். உள்ளே போய் உங்கள் பெட்டியில் லுங்கிகளுக்கு அடியிலிருந்து மூன்று நீள நோட்டை எடுத்து வந்து மேஜையில் போட்டாள். முழுக்கத் தமிழ். கோழி கிளறியது மாதிரி அந்தக் கையெழுத்து. உலகத்தில் அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான், கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் எழுதிய கடிதங்களில் பழகிய கண். அந்தக் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்த தபால்காரன் நான்தான் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் தப்பு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வாசிக்க வாசிக்க நான் லேப்டாப்பில் அடித்தேன். பாதி நேரம் சிரித்தோம். மெஸ்ஸில் சாம்பாரில் சர்க்கரை போட்ட சமையல்காரனைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். பிறகு அக்கா ஒரு தேதியைச் சொல்லி, "பதினோராவது மீட்டர்ல பாற. ரூயிகிட்ட சொன்னேன். தலைய ஆட்டினாரு. இன்னும் நாலு எடத்துல போட்டுப் பாத்துட்டு எழுதுவோம்" என்று வாசித்தாள்.

என் விரல் அப்படியே நின்றுவிட்டது. நோட்டீஸில் நீங்கள் போட்டிருந்த தேதிக்கு இரண்டு வாரம் முந்தைய தேதி அது. ரூயி என்பவர் துறைமுகக்காரர்கள் சார்பில் நம் வேலையை மேற்பார்வை பார்த்த போர்த்துக்கீசிய இன்ஜினியர். நோட்டீஸ் அவர் கையில்தான் கொடுக்க வேண்டும்.

"என்னல, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. வாசி."

பாறை தெரிந்ததிலிருந்து பதினாலாம் நாளுக்கு வந்தாள். "லெட்டர் ரெடி. குடுக்கப் போனேன். ரூயியோட அம்ம தவறிட்டாவளாம். மனுசன் போனக் கையில வச்சிக்கிட்டு அழுதுக்கிட்டு நின்னாரு. துக்க வீட்டுக்காரன் கையில நோட்டீச நீட்டவா? லெட்டர மேஜைக்குள்ள வச்சிட்டேன். பதினாறு கழியட்டும்." அதற்குக் கீழே இன்னொரு வரி. "மாப்ளைக்கி போன் போட்டுக் கேட்டேன். சரின்னாரு."

அக்கா நோட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "ஏல இசக்கி, எந்த மாப்ள?"

"நான்தான்க்கா."

"நீயா சரின்ன?"

எனக்கு அந்தப் போன் நினைவிருக்கிறது, அத்தான். முலுண்டிலிருந்து ஆபீஸுக்குப் போகிற லோக்கல். குர்லா தாண்டிவிட்டது. முதுகில் யாரோ ஒருவரின் டிபன் பை இடித்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் பஜனை கோஷ்டி தாளம் தட்டிக்கொண்டிருந்தது. நீங்கள், "மாப்ள, பாற மேட்டருக்கு லெட்டர் ரெடி. ஆனா ரூயி அம்ம தவறிட்டாவ. பதினாறு கழிஞ்சு குடுக்கட்டா?" என்றீர்கள். நான் இரண்டு வினாடிகூட யோசிக்கவில்லை. "சரி அத்தான், கழியட்டும். பாவம்" என்றேன். சயான் வந்தது, லைன் அறுந்தது.

பாறை எந்தத் தேதியில் தெரிந்தது என்று கேட்டிருக்க வேண்டும். வகுப்பு எடுக்கிறவன், இருபது வருடமாக அந்த ஒரு கேள்வியைக் கேட்டே சம்பளம் வாங்குகிறவன், கேட்கவில்லை. பாறை நேற்றோ முந்தாநாளோ தெரிந்திருக்கும், பதினாறு போனாலும் கையில் நாள் இருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். இல்லை, இதுவும் இப்போது ஜோடிக்கிற சமாதானமோ என்னவோ. துக்கம் என்றதும் எனக்கு எதுவுமே தோன்றவில்லை என்பதுதான் நிஜம்.

உங்களுக்கு நினைவிருக்கும், கேம்ப்பில் தண்ணீர்க் குழாய்த் தகராறு வருடக்கணக்கில் நடந்தது. குடத்தால் அடித்துக்கொள்கிற அளவுக்குப் போகும். ஆனால் எதிர் வரிசையில் ஒரு சாவு விழுந்துவிட்டால் பதினாறு நாள் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். அவர்கள் குடத்தை நம் ஆட்களே நிரப்பிக் கொடுப்பார்கள். பதினேழாம் நாள் காலையில் விட்ட இடத்திலிருந்து சண்டை ஆரம்பிக்கும். நமக்கு யாரும் இதைச் சட்டம் என்று சொல்லித் தரவில்லை. போர்த்துக்கீசியருக்கும் அதுதான் சட்டம் என்று நாம் இரண்டு பேரும் எப்படி நினைத்தோம்?

ரூயி, அம்மா போன ஆறாம் நாளே வேலைக்கு வந்துவிட்டார். அதையும் எழுதியிருக்கிறீர்கள். "ரூயி வந்துட்டாரு. வேலையும் பாக்காரு. மத்தியானம் சிரிக்கக்கூடச் செஞ்சாரு. ஆனாலும் பதினாறு பதினாறுதான்." அக்கா இதை வாசித்தபோது நான் மேஜையைக் குத்தினேன். டீ சிந்தியது. உங்கள் மேல் அவ்வளவு கோபம் வந்தது, அத்தான். அவரே எழுந்து வந்துவிட்டாரே, நீங்கள் மட்டும் ஏன் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தீர்கள்?

பதினாலும் பதினாறும் முப்பது. மறுநாள் கொடுத்தீர்கள், முப்பத்தொன்று. இருபத்தெட்டுக்கு மூன்று நாள் பிந்தியாயிற்று.

அன்றைய வரிகளை அக்கா இரண்டு தடவை வாசித்தாள். "லெட்டர் குடுத்தாச்சு. ஏன் இத்தன நாள்னு கேட்டாரு. எங்க ஊர் வழக்கம், பதினாறு நாள்னு சொன்னேன். பொறவு கை குடுத்தாரு. மூணு நாள் கூடிப்போச்சோ? மாப்ளகிட்ட சொல்லணும்."

சொல்லவில்லையே, அத்தான். ஏன் சொல்லவில்லை? நோட்டீஸில் 'உறுதியான நாள்' என்று போட்டது, நாலு இடத்தில் துளைத்துப் பார்த்து முடித்த நாள் அதுதான் என்பதாலா, அல்லது மூன்று நாளை மறைப்பதற்கா? பொய் எழுதுகிற ஆள் இல்லை நீங்கள். ஆனால் அந்தக் கேள்விக்குறி இருக்கிறதே, அது என்னைத் தூங்க விடவில்லை.

அந்த வருடம் தீபாவளிக்கு வந்திருந்தபோது மாட்டுங்காவில் காபி குடித்தோம். "மாப்ள, ஒரு விசயம்" என்று ஆரம்பித்தீர்கள். நான் எங்கள் பில்டிங்கை இடித்துக் கட்டப்போகிற கதையை மூச்சு விடாமல் அளந்துகொண்டிருந்தேன். "சரி, பொறவு சொல்லுதேன்" என்று டம்ளரைக் கவிழ்த்துவிட்டு எழுந்தீர்கள். அந்த விஷயம் இதுதானா? வேறு ஏதாவதாக இருந்திருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், யாரிடம் வேண்டுகிறேன் என்றுதான் தெரியவில்லை.

இப்போது திங்கட்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை நான் ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஆபீஸில் அதை எழுதித் தயாராக வைத்திருக்கிறார்கள். இருபத்துமூன்றாவது பத்தி: 'பாறை முதலில் தென்பட்டது பற்றியோ நோட்டீஸ் தாமதமாவது பற்றியோ சைட் மேனேஜர் எனக்கு எதுவும் தெரிவிக்கவில்லை.' கையிலிருக்கும் எல்லா ஆவணங்களையும் ஒப்படைத்துவிட்டேன் என்று அடுத்த பத்தி சொல்கிறது.

நோட்டைப் பற்றி நான் சொன்னதும் கம்பெனி டைரக்டர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "ஆத்மி தோ கயா, ஆள் போயாச்சு இசக்கி. அவருக்கு இனிமே என்ன கஷ்டம்? நோட்டு தமிழ்ல இருக்கு, வீட்டு டைரின்னு சொல்லிடு. உனக்கு இன்னும் பத்து வருஷ சர்வீஸ் இருக்கு, ஜாஸ்தி சோச் மத், ரொம்ப யோசிக்காதே." குரலில் மிரட்டல் இல்லை, அக்கறைதான் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் குழப்பம்.

நம் வக்கீல் தேஷ்பாண்டே மேடம் வேறு மாதிரி. மறைக்கச் சொல்கிற வக்கீல் தான் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "ஆனா குடுத்தா என்ன ஆகும்னு கேட்காதீங்க, எனக்கே தெரியல. பாறை வந்த அன்னிக்கே ரூயிக்குத் தெரியும்னு உங்க ஆள் எழுதியிருக்கார், அது நம்மளைக் காப்பாத்தலாம். மூணு நாள் லேட்டுன்னும் அவரே எழுதியிருக்கார், அது நம்மளைக் கவுத்துடலாம். ஒரே நோட்டு, ஒரே கையெழுத்து." இந்தத் தொழிலில் முப்பது வருடம் இருப்பவர் அவர். அவருக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றும் அவர்தான் காட்டினார். எதிர்த்தரப்பு அந்த மெயிலில் இணைத்திருந்த கடிதத்தின் மேலே இருந்த தேதி, நீங்கள் போன மூன்றாம் நாள். மூன்றாம் நாளே எழுதி முடித்ததைப் பதினேழாம் நாள் வரை ஏன் வைத்திருந்தார்கள்? ரூயிதான் நோட்டைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும், நீங்கள் எழுதுவதைத் தினமும் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அப்படியானால் பதினாறு கழியட்டும் என்று சொன்னதும் அவர்தானா?

"அப்படி எல்லாம் எடுத்துக்காதீங்க" என்றார் மேடம். "ஆவணம் கேக்கறதுக்கு அவங்களுக்குக் கெடு அன்னிக்குத்தான் முடிஞ்சுது. எல்லாரும் கடைசி நாள்லதான் அனுப்புவோம்." அதுவும் சரிதான். நானே எத்தனை கடிதத்தைக் கடைசி நாள் வரை ஊறப்போட்டிருக்கிறேன். மரியாதையா, தந்திரமா? உங்களோடு அத்தனை நாள் வெயிலில் நின்றவரைப் பற்றி உங்களிடம் கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவீர்கள்.

நேற்று அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைக் கொடுத்தால் கிளெய்ம் தோற்கலாம். தோற்றால், சைட் மேனேஜர் மூன்று நாளைக் கோட்டைவிட்டார் என்று தீர்ப்பில் உங்கள் பெயர் நிற்கும். என் வேலை இருக்குமா என்பதும் தெரியாது. கொடுக்காவிட்டால், இருபத்துமூன்றாவது பத்தியில் நான் கையெழுத்துப் போட்டு, நீங்கள் என்னிடம் கேட்கவே இல்லை என்று சொன்னவனாவேன். அவள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"எனக்கு ஒஞ் சட்டமெல்லாம் வெளங்காது. அவிய பேரு கெடக்கூடாது. அதுக்கு நோட்டக் குடுக்கணுமா, எடுத்து உள்ள வைக்கணுமா? அத மட்டும் சொல்லு."

"தெரியலக்கா."

"சரி, அந்தப் பதினாறு நாளு தப்பா?"

அதற்கும் தெரியவில்லை என்றேன். அவள் ஆய்ந்த கொத்தமல்லியைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அவிய செத்தப்ப இந்த வீட்டுக்கு ஒருத்தன் பதினாறுக்குள்ள நோட்டீசு கொண்டாந்திருந்தா நீ என்னல செஞ்சிருப்ப?"

"அடிச்சிருப்பேன்."

"பெறகென்ன" என்றாள். பிறகு அவளே சந்தேகமாக, "ஆனா அந்த நாட்டுக்காரனுக்கு இது எப்பிடில புரியும்?" என்றாள். உங்கள் போன் முழு சார்ஜ் ஆகிவிட்டது என்று காட்டியது.

அத்தான், நீங்கள் நின்று கட்டிய அந்த மேடையில் இப்போது கப்பல்கள் வந்து நிற்கின்றன. எந்தக் கப்பலுக்கும் இந்த மூன்று நாள் தெரியாது. எனக்கு நீங்கள் இல்லாமல் கை உடைந்த மாதிரி இருக்கிறது, வெட்கப்படாமல் சொல்கிறேன். ஒரு சந்தேகம் வந்தால் போன் போட்டு, "ஓய், இதுல என்ன கொழப்பம்?" என்று சிரிக்க ஆள் இல்லை. இன்றைக்கும் குழப்பம் தீரவில்லை. நோட்டு நம்மைக் காப்பாற்றுமா, கவிழ்க்குமா? உங்களுக்கு அந்த மூன்று நாள் தெரிந்திருந்ததா? ரூயி நல்லவரா?

ஒன்று மட்டும் தெரியும். நீங்கள் கேட்டீர்கள்.

அதனால் திங்கட்கிழமை காலை மூன்று நோட்டும் மேடத்தின் மேஜைக்குப் போகும். அக்கா வாசிக்க நான் அடித்த பக்கங்களும், சர்க்கரை போட்ட சாம்பார் உட்பட, ஒன்றுவிடாமல் போகும். இருபத்துமூன்றாவது பத்தியை அடித்துவிட்டு வேறு எழுதியிருக்கிறேன். 'நோட்டீஸைப் பதினாறு நாள் கழித்துக் கொடுக்கலாமா என்று சைட் மேனேஜர் போனில் என்னைக் கேட்டார். எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்று கேட்கும் பொறுப்பு என்னுடையது. நான் கேட்கவில்லை. சரி என்றேன்.' ஏன் சரி என்றீர்கள் என்று நடுவர்கள் கேட்டால், அங்கே ஒரு தாய் இறந்திருந்தார் என்று சொல்வேன். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியாது. அது தவறு என்ற சொல்லை மட்டும் என் வாயிலிருந்து யாரும் வாங்க முடியாது.

இதை நாலு பேர் முன்னால் எழுதுவது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன் என்றேனே. உங்களுக்கு என்னைத் தெரியும். நாளை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டைரக்டர் போன் போட்டு, திவ்யாவின் படிப்பை, என் பிள்ளைகளை, பத்து வருட சர்வீஸை நினைவூட்டினால் நான் ஆடிப்போய்விடுவேன். அப்படி ஆடாமல் இருக்கத்தான் முதலிலேயே எழுதி, இதை அச்சுக்கும் அனுப்பிவிட்டேன். நோட்டீஸ் என்றால் எழுத்தில்தானே இருக்க வேண்டும்? இது நான் உங்களுக்குக் கொடுக்கும் நோட்டீஸ். ரொம்பப் பிந்திவிட்டது, தெரியும். நீங்கள் நாள் பார்க்கிற ஆள் இல்லை என்ற தைரியத்தில் கொடுக்கிறேன்.

சயான் வருவதற்கு முன்னால், அந்த ரயிலில் 'சரி' என்று சொன்ன,
உங்கள் மச்சினன்,
இசக்கி